நான்காவது சீசனுக்கான கதவு

புடாபெஸ்டுக்கு மேற்கே அரை மணி நேரம்,
திராட்சைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஒரு கொட்டகை.
உள்ளே எங்கள் விண்கப்பல்.
நீளம் அறுபத்தோரு மீட்டர்,
எடை பெரும்பாலும் ஒட்டுப்பலகை.

நானூற்றுப் பன்னிரண்டு பொத்தான்கள், ஒரு குமிழ்.
ஒவ்வொன்றின் அடியிலும் சிறு விளக்கு வைத்தவள் நான்.
எதுவும் எதையும் இயக்காது.
துணைத்தளபதியாக நடித்தவன் மட்டும்
ஆபத்து வந்தால் அந்தக் குமிழைத்தான் திருகுவான்,
அதுதான் உந்துவிசை என்று
தானாகவே முடிவு செய்துகொண்டு.
அது என் அத்தை வீட்டுச் சலவை இயந்திரத்திலிருந்து கழற்றியது.

வியாழக்கிழமை மதியம் செய்தி வந்தது.
எந்த மொழியிலும் அல்ல, எண்ணில்.
முதல் அத்தியாயத்தைத் தொடங்கியவர்களில்
கடைசி வரை வந்தவர்கள் முப்பத்தெட்டு சதவீதம்.
நாற்பது வேண்டுமாம்.
ஏழு கோள்களும் வாரிசில்லாத ஒரு மகாராணியும்
மூன்று சீசன்களாகத் தோற்காத ஒரு கலகப்படையும்
இரண்டு சதவீதத்தில் தோற்றார்கள்.
எங்கோ சிலர் சோபாவில் தூங்கிப்போயிருந்தார்கள்,
அவ்வளவுதான்.

கப்பல்தலைவி அப்போது காற்றுக்கதவில் நின்றிருந்தாள்.
பாதி திறந்த கதவு,
ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே.
அவளை அப்படியே நிறுத்திவிட்டு
எழுதுகிறவர்கள் விடுமுறைக்குப் போயிருந்தார்கள்.
இப்போது அவள் ஒரு தயிர் விளம்பரத்தில் சிரிக்கிறாள்.
நல்ல தயிர்தான்.

கப்பலைப் பிரித்துக்கொண்டே பேசினோம்.
“இனி கோள்கள் சுருங்கும்” என்றான் தச்சன் பாலின்ட்,
வாயில் இரண்டு ஆணிகளோடு.
“பத்து அத்தியாயம் ஆறாகும், ஆறு நாலாகும்.
கடைசியில் ஒரே அறை, ஒரே ஜன்னல்.
வெளியே விண்வெளி இருப்பதாக
உள்ளே இருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள்.”

ஒலிக்காரி எமேஷே தலையாட்டவில்லை.
“அறையும் வேண்டாம்.
பார்ப்பவரிடமே கேட்டுவிடுவார்கள்,
யார் சாகட்டும், எத்தனை மணிக்கு என்று.
ஆளுக்கொரு பேரரசு, தனித்தனியாக,
தூக்கம் வரும்வரை.”

மறுநாள் அதைப் பற்றி அவர்
யாரோடு பேசுவார் என்று கேட்டேன்.
பாலின்ட் ஆணியைத் துப்பிவிட்டு
அடுத்த பலகைக்குப் போனான்.

பனிக்காலத்தில் தொடரையே எடுத்துவிட்டார்கள்.
வரிக்கணக்கில் அதற்கு ஒரு பத்தி இருக்கிறதாம்.
வட்டில் இல்லை, நாடாவில் இல்லை,
தேடினால் கரடிகளைப் பற்றிய ஆவணப்படம் வருகிறது.
செத்த நட்சத்திரத்தின் ஒளி என்று
இந்த இடத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டேன்.
வரிக்காக யாரும் நட்சத்திரத்தை அணைப்பதில்லை.

காற்றுக்கதவை பாலின்ட் விலைக்கு வாங்கினான்.
மலைச்சரிவில் அவனுடைய ஒயின் நிலவறைக்கு மாட்டினான்.
அகலம் நான்கு விரல் குறைந்தது,
சுவரைக் கொஞ்சம் வளர்த்தான்.
திறக்கும்போது வரும் அந்த “ஷ்ஷ்” மட்டும்
எமேஷே வாயாலேயே செய்வாள், பக்கத்தில் இருந்தால்.

மே மாதம் ஒயின் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில்
தாலினிலிருந்து இரண்டு பேர்.
கோப்பையோடு வந்தவர்கள் கதவைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.
அந்தப் பெண் கோப்பையைப் புல்லில் வைத்தாள்,
ஒரு கையைக் கதவின் உள்பக்கம் வைத்தாள்,
மற்றதை வெளியே நீட்டினாள்.
சரியாக அதே உயரத்தில்.

“அவள் என்ன ஆனாள்?”

“உள்ளே வந்துவிட்டாள்” என்றான் பாலின்ட்.
அதே நொடியில் “போய்விட்டாள்” என்றாள் எமேஷே.
பிறகு யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
மகாராணிக்கு வாரிசு உண்டு என்றார் தாலின்காரர்,
இரண்டாம் சீசனின் சமையல்காரனைப் பார்த்தீர்களா என்றார்.
பக்கத்து நிலவறை ஷாரா, தொடரைப் பார்த்ததே இல்லை,
மூன்றாவது கோப்பையில்
கலகப்படையின் பக்கம் சேர்ந்துவிட்டாள்.
ஐந்து பேர், ஐந்து முடிவு,
எல்லாரும் மற்றவர் முடிவின் மேல் கோபமாக இருந்தோம்.

நள்ளிரவு தாண்டி,
கப்பல் பெரும் ஆபத்தில் இருந்த ஒரு கட்டத்தில்,
என் கோட்டுப் பையிலிருந்த குமிழை
மூன்று சொடுக்கு திருகினேன்.

அலசல் முடிந்தது.
அடுத்தது சுழற்சி.